அளவுத்தாள் இல்லாத கலப்பு எஞ்சின்

ஒரு செயின்சாவின் கிராங்க் கேஸில் இன்னொன்றின் சிலிண்டரைப் பூட்டி எஞ்சின் கட்டுவது நம் தொழிலில் சாதாரண வேலையாகிவிட்டது. ஹஸ்க்வர்னா 61, 268, 272 ஆகியவை இதற்கு வழிகாட்டிய குடும்பம். மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர்தான். போர் மட்டும் 48, 50, 52 என்று ஏறுகிறது. அதனால் கொள்ளளவும் 61.5 சிசியிலிருந்து 66.8, 72.2 என்று கூடுகிறது. ஸ்டில் 064 கேஸில் 066 சிலிண்டரை வைப்பவர்களும் இதே கணக்கில்தான் 85 சிசியை ஏறக்குறைய 92 ஆக்குகிறார்கள். போல்ட் துளைகள் ஒத்துப்போகின்றன, பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்குகிறது, கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. இத்தோடு வேலை முடிந்ததென்று ஸ்பானரைக் கீழே வைத்துவிடுகிறோம். நம் கருத்தில் வேலையின் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்வு கிடையாது. பிஸ்டனின் விளிம்புதான் போர்ட்டுகளைத் திறந்து மூடுகிறது. கட்ஜன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம், ஸ்கர்ட்டின் நீளம், சிலிண்டரின் அடியிலிருந்து போர்ட் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது, அடிக் கேஸ்கட்டின் தடிமன் ஆகிய நான்கும் நான்கு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தால், எந்தத் தொழிற்சாலையும் சோதித்துப் பார்க்காத ஒரு புது எஞ்சின் நம் மேசைமேல் இருக்கிறது. 34 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் தூக்கினால் எக்ஸாஸ்ட் போர்ட் ஏறக்குறைய 2 டிகிரி முன்னதாகத் திறக்கும். டிரான்ஸ்ஃபர் போர்ட் அதைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னே நகரும். ஆகவே எரிந்த வாயு வெளியேறக் கிடைக்கும் இடைவெளி குறையும். இன்டேக் திறந்திருக்கும் நேரமும் சுருங்கும். கேஸ்கட்டை எடுத்துவிட்டு சிலிண்டரை இறக்கினால் எல்லாம் தலைகீழ். ஸ்கர்ட் குட்டையான பிஸ்டன் என்றால் இன்னொரு வம்பு: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஸ்கர்ட்டின் அடி எக்ஸாஸ்ட் போர்ட்டின் கீழ் விளிம்பைத் தாண்டி மேலே போய்விடும், கேஸிலுள்ள புதுக் கலவை நேராக சைலன்சருக்குள் கசியும். ஸ்கர்ட் நீளமாக இருந்தாலோ கீழே வரும்போது கிராங்கின் எடைப்பகுதியில் இடிக்கும். இடித்தால் கையால் சுற்றும்போதே தெரிந்துவிடும். கசிவு அப்படித் தெரியாது. மெஷின் ஓடும், எரிபொருளைக் குடிக்கும், இழுவை மட்டும் இருக்காது.

பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் கூரைக்கும் இடையே விட வேண்டிய ஸ்குவிஷ் இடைவெளி இன்னும் கறாரானது. இந்த அளவு எஞ்சின்களுக்கு 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை என்பது அனுபவசாலிகள் பெரும்பாலோர் ஏற்கும் எல்லை. பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை நுழைத்து, கிராங்கைச் சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தால் போதும். கட்ஜன் பின் போகும் திசையில் இரு பக்கமும் அளக்க வேண்டும். மற்ற பக்கங்களில் பிஸ்டன் ஆடுவதால் அளவு பொய் சொல்லும். நிமிடத்துக்கு 13,000 சுற்றில் கனெக்டிங் ராடு நீள்வதும் பேரிங்கின் ஆட்டமும் சேர்ந்து இந்த இடைவெளியைத் தின்னும். ஆகவே 0.3-இல் விட்டவர் பிஸ்டன் தலையில் தழும்பைப் பார்ப்பார். 1 மில்லிமீட்டருக்கு மேல் விட்டவர் பெரிய போரைப் போட்டும் பழைய பலத்தையே பெறுவார்.

கம்ப்ரஷன் கேஜ் 150 பிஎஸ்ஐ காட்டுகிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் போர்ட் தாழ்வாக இருந்தாலே கேஜ் கூடக் காட்டும், ஏனெனில் அழுத்தும் தூரம் நீள்கிறது. ஸ்குவிஷ் தளர்ந்த சிலிண்டரும் போர்ட் தாழ்ந்திருந்தால் நல்ல எண்ணைக் காட்டிவிடும். ரிங் பிடிக்கிறதா என்பதற்குக் கேஜ் நல்ல சாட்சி. எஞ்சினின் வடிவத்தைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. காதால் கேட்டே செட்டிங் வைப்பவர்களின் திறமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. முழு வேகத்தில் கலவை சற்றுக் கூடுதலாக இருக்கையில் வரும் அந்தக் கரகரப்பைக் கேட்டு ஹெச் ஊசியைத் திருப்புவது கார்புரேட்டருக்கு இன்றும் சரியான வழிதான். ஆனால் 61 சிசிக்கு இருந்த கார்புரேட்டர் 72 சிசிக்கு ஈடுகொடுக்கிறதா, ஆயில் சீல் வழியே காற்று நுழைகிறதா என்பதைக் காது சொல்வதற்குள் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகியிருக்கும். அதனால் பிரஷர் டெஸ்டும் வேக்குவம் டெஸ்டும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே நடக்க வேண்டியவை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 61, 272 போன்ற ஒரே குடும்பத்தில் கம்பெனியே எல்லாவற்றையும் பொருந்தச் செய்திருக்கும்போது எதற்கு இவ்வளவு அளவெடுப்பு? கம்பெனியின் அசல் சிலிண்டரும் அசல் பிஸ்டனும் கிடைக்கும்வரை இந்த வாதத்தில் நியாயம் உண்டு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு யாரோ வார்த்த கிட். அதில் போர்ட் உயரம் கிட்டுக்குக் கிட்டு மாறலாம். போர்ட் விளிம்பைச் சாய்க்காமலே விட்டிருந்தால் ரிங் மாட்டி உடையும். ஒரே மாடலுக்குள்ளும் மாற்றம் வரும்: ஸ்டில் 044-இன் முதல் தயாரிப்புகளில் கட்ஜன் பின் 10 மில்லிமீட்டர், பின்னால் வந்தவற்றில் 12. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்குத் தனிக் காற்றை அனுப்பும் சிலிண்டர்களோ பிஸ்டனின் பக்கவாட்டுப் பள்ளங்களையும் இரட்டைப் பாதைக் கார்புரேட்டரையும் நம்பி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் பழைய பிஸ்டனைப் போட்டால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

இவ்வளவு சிரமத்துக்குப் புது மெஷினே வாங்கலாமே என்பவருக்கு நம்மிடம் பெரிய பதில் இல்லை. சில வேலைகளில் அதுதான் சரி. நல்ல மெக்னீசியம் கேஸும் நல்ல கிராங்கும் கையிலிருக்க அதைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். ஒரு டிகிரி வீல், ஈயக் கம்பி, வெர்னியர், கைப்பம்பு ஆகியவற்றின் விலை வீணாகும் ஒரு சிலிண்டர் கிட்டைவிடப் பெரிதாக இருக்காது. கூடிய பலத்தைக் கண்டு நீளமான பார் மாட்டுபவர் செயின் பிரேக்கும் ஆயில் பம்பும் அதற்கு ஈடுகொடுக்கின்றனவா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்த இதழ் முதல் கலப்பு எஞ்சின் பற்றிய கட்டுரைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். ஸ்குவிஷ், மூன்று போர்ட்டுகளின் டிகிரி, பிரஷர் மற்றும் வேக்குவம் டெஸ்டின் முடிவு, பாகங்கள் ஒவ்வொன்றும் எந்த மாடலிலிருந்து வந்தவை என்ற குறிப்பு ஆகியவை இல்லாத கட்டுரை வெளியாகாது. தோற்றுப்போன எஞ்சின்களின் அளவுத்தாள்களையும் அனுப்புங்கள்; அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம்.