விருப்பப் பாடம் வீண் பாடமா?



என்னிடம் ஓதிய மாணவி ஒருவர் இப்போது கல்லூரியில் வணிகவியல் பயில்கிறார். துறை சாராத விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பழஞ்சுவடிகளைப் படிக்கவும் பேணவும் கற்பிக்கும் சுவடியியலை அவர் விரும்புகிறார். “அதனால் வேலை கிடைக்குமா?” என்று அவருடைய வாப்பா மறுக்கிறார்.

வேலைக்குத்தான் வணிகவியல் இருக்கிறதே! விருப்பப் பாடம் அறிவை விரிவாக்குவதற்கு உரியது. வானியலிலும் கணிதத்திலும் தேர்ந்த அல்பீரூனி, சமஸ்கிருதமும் கற்றார். 1030 ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதினார்.

நம் இல்லங்களிலோ, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணில் செல்லரித்துக் கிடக்கின்றன. என் பாட்டியார் ஓதிவந்த கையெழுத்துப் பிரதி ஒன்று என்னிடம் உள்ளது. அதை என்னால் வாசிக்க இயலும். ஆனால், அதன் காலத்தைக் கணிக்கவோ, உதிரும் தாள்களைக் காக்கவோ நான் கற்கவில்லை. ஆண்டுதோறும் சில வரிகள் அழிகின்றன.

பெற்றோரே! மதிப்பெண் எளிதில் கிடைக்கும் பாடத்தையே எடுக்குமாறு பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். அறிவைப் பெருக்கித் தருமாறு அல்லாஹ்விடம் துஆ கேட்கும் நாம், தேடி வரும் அறிவை வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா?