ஒரு ரன்னுக்கு அழுத ஊர்

2019 மே 12. ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னை ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. தேவாரம் டீக்கடைகளில் நாள்கணக்காக அதே பேச்சு. தோனி ரன் அவுட்டா, இல்லையா?

பத்தே நாள் கழித்து, மே 22. லூதியானாவில் இந்தியப் பெண்கள் கால்பந்து லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது சேது எஃப்சி. எந்த ஊர்? பக்கத்து மதுரை! டீக்கடையில் ஒரு பேச்சு உண்டா? மறுநாள் தேர்தல் முடிவு வந்தது. அதோடு சரி.

"நேபாளத்து சபித்ரா பண்டாரியெல்லாம் ஆடுன டீம்தானே?" என்பார்கள். ஏன், தோனி என்ன தேவாரத்துக்காரரா?

அடுத்து, "பொம்பளப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு? கைகால் போனா யாரு கட்டுவா?" அதே வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் எடுக்கிறார்களே... அப்போது மட்டும் யாருக்கும் அந்தக் கைகால் ஞாபகம் வருவதில்லை!

சாயங்காலம் மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட். அதில் ஒரு மணி நேரம், ஒரு பந்து, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். பெண் பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கொடுங்கள். ஜெயிப்பார்களா என்று பிறகு கேட்கலாம்.