மரத்தரைக்கு அடியில்

மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் வீட்டுக்கு மரத்தரை போடுகிறவர்கள் தேக்கா, ஓக்கா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அடியில் இருக்கும் கான்கிரீட்டை மறந்துவிடுகிறார்கள். 28 நாள் என்பது அது வலுப்பெறும் கணக்கு. ஈரம் வற்றும் கணக்கு அல்ல. 4 அங்குலத் தளம் காய நாலு மாதமாவது ஆகும். மழைக்காலமென்றால் இன்னும் தாமதம். அவசரப்பட்டால் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொள்ளும், லட்சங்கள் வீண்.

சோதனை சுலபம். 18 அங்குலச் சதுர பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட வேண்டும். அடியில் நீர் முத்துக்கள் தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் லாபம். (கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டவர்கள் இதைக் கேட்பதில்லை.) காய்ந்தபின் மேடு பள்ளத்தைச் சரிசெய்து, பாலிதீன் விரித்து, மேலே 18 மி.மீ. பிளைவுட் அடிக்கலாம். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி அவசியம். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும்.