மூங்கில் தூண்டிலுக்கு ரீலைக் கடைசியா வாங்குங்க

நம்ம பதிவுகளைப் படிக்கிற தம்பி ஒருத்தர் போன வாரம் வேளச்சேரியில இருந்து வந்திருந்தார். மீஞ்சூர் தாண்டி இருக்கிற எங்க நிலத்தையும், எண்ணூர் முகத்துவாரத்தையும் பார்க்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தவர். கையில நீளமா ஒரு துணி உறை. உள்ளே அவங்க தாத்தா நீலகிரியில எஸ்டேட் வேலையில இருந்தப்போ ட்ரவுட் மீன் பிடிச்ச மூங்கில் தூண்டில் கழி. 7½ அடி, ரெண்டு துண்டு. வார்னிஷ் இன்னும் தேன் நிறத்துல மின்னுது. அதுல மாட்டியிருந்த ஃப்ளை ரீல் மட்டும் புத்தம்புதுசு. கறுப்பு, பெரிய வட்டம், உடம்பு முழுக்க ஓட்டை. 18,000 ரூபாயாம்.

"அண்ணே, கழி தாத்தாது, ரீல் என்னோடது. எப்படி இருக்கு?"

அறுப்பு முடிஞ்சு காஞ்சு கிடந்த வயல்ல நின்னு வீசிப் பார்த்தோம். கால் மணி நேரத்துல மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டார். "கழி பழசாச்சுண்ணே, அதான் கனக்குது"ன்னார். "கழி மேல தப்பில்ல தம்பி, ரீல் மேலதான்"னு சொன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. அன்னைக்கு விருந்தாளின்னு பாதியில நிறுத்தினதை இங்க முழுசாச் சொல்லிடறேன். கோபப்படறவங்க கோபப்படலாம்.

ஃப்ளை தூண்டில் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சாதாரணத் தூண்டில்ல ஈயக்குண்டோட எடை நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளை தூண்டில்ல முள்ளு மேல இறகும் நூலும் சுத்தின பொய்ப்பூச்சிதான் இரை. அதுக்கு எடையே கிடையாது. அதனால நரம்பையே தடிமனா, கனமாச் செஞ்சு, அதைச் சாட்டை மாதிரி வீசறோம். நரம்புக்கு நம்பர் உண்டு. 5ஆம் நம்பர் நரம்போட முதல் 30 அடி 9 கிராம் சொச்சம் இருக்கும். அந்த எடைக்குக் கழி வளையணும், வளைஞ்சு நிமிரணும். இந்த வேலையில ரீலுக்குப் பங்கு என்ன? ஒண்ணுமே இல்ல. வீசும்போது அது கைக்குக் கீழே தொங்கிக்கிட்டு இருக்கிற நூல்கண்டு.

இன்னும் சொல்லப்போனா ரீல் இல்லாமலே மீன் பிடிக்கலாம். எங்க ஆத்தோரம் முழு மூங்கில் கழி நுனியில தங்கூஸ் கட்டி, மாவு உருண்டை வச்சு மடவை பிடிக்கிற பெரியவங்க இருக்காங்க. ஜப்பான்ல மலை ஓடைகள்ல பிடிக்கிற டென்காரா முறையிலயும் ரீல் கிடையாது. கழியை விட நரம்பு ரொம்ப நீளமாப் போறப்பதான் ரீல் தேவைப்படுது. அப்படி இருக்க, கடைக்காரரும் வீடியோ போடறவங்களும் முதல்ல ரீலைத்தான் தூக்கிக் காட்டுறாங்க. கடிவாளம் வாங்கிட்டுக் குதிரை தேடற கதை.

"எடை குறைஞ்ச ரீல்தான் நல்லது, மொத்தப் பாரம் குறையும்"னு ஒரு வாதம் உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க தாத்தா காலத்துல துலா வச்சு நீர் இறைச்சாங்க. துலாவோட பின்பக்கம் கல்லு கட்டியிருப்பாங்க. "பாரம் குறையட்டும்"னு யாராவது அந்தக் கல்லைக் கழட்டுவாங்களா? கழட்டினா இறைக்கிறவன் தோள்பட்டை போயிடும். மூங்கில் கழியும் அப்படித்தான். கார்பன் நார்க் கழியோட நுனி இறகு மாதிரி. மூங்கில் நுனி கனம். அந்தக் கனத்தைக் கைப்பிடிக்குக் கீழே இருந்து சமாளிக்கிற கல்லுதான் ரீல். 1970கள்ல கார்பன் கழி கடைக்கு வந்த பிறகு, அதுக்குத் தோதா ரீலையும் இளைக்க வச்சாங்க. அந்த ரீலைக் கொண்டுவந்து தாத்தா கழியில மாட்டினா மணிக்கட்டு வலிக்காம என்ன செய்யும்?

எத்தனை கிராம் வேணும்னு இணையத்துல தேடாதீங்க. கழியைப் பூட்டி, நரம்பை எல்லா வளையத்துலயும் கோத்து, கொஞ்ச தூரம் வெளியே விடுங்க. ரீல் உக்கார்ற இடத்துல சின்னத் துணிப் பையைக் கட்டி, அதுல கொஞ்சம் கொஞ்சமா மணல் போடுங்க. கார்க் கைப்பிடியோட முன்பக்கத்துல ஒரு விரல்ல கழி சமமா நிக்கிற வரைக்கும் போடுங்க. அப்புறம் பையை மளிகைக்கடைத் தராசுல வைங்க. நரம்பு சுத்தின ரீல் அந்த எடைக்குப் பக்கத்துல இருக்கணும். தம்பியோட கழிக்கு அன்னைக்கே பார்த்தோம். அவர் ரீல் 60 கிராம் குறைச்சல். செலவு ஒரு பிடி மணல்.

அடுத்தது பிரேக்கு. அந்த ரீலுக்குள்ள தட்டு பிரேக் இருக்கு, ஓடற மீனை நிறுத்துமாம். கையகல ட்ரவுட்டுக்கு எதுக்குங்க லாரி பிரேக்கு? மீன் துள்ளினா வளைஞ்சு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கிறதுதான் மூங்கிலோட குணம். பழைய ரீல்ல இருக்கிறது ஒரு பல்சக்கரம், அது மேல ஸ்பிரிங் அழுத்தற ஒரு சின்ன நாக்கு. சைக்கிள் பின்சக்கரம் சும்மா சுத்தும்போது கடகடன்னு சத்தம் வருதே, அதே சங்கதி. நரம்பு தானா அவிழ்ந்து சிக்காம இருக்க அது போதும். அதுக்கு மேல வேணும்னா உள்ளங்கையை ரீல் விளிம்புல வச்சு அழுத்துங்க. இங்கிலாந்துல ஹார்டி கம்பெனி 1891ல கொண்டுவந்த பெர்ஃபெக்ட் ரீலும் இந்தக் கடகடதான்.

அந்த ஓட்டைக்கும் ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல ஆர்விஸ் 1874ல காப்புரிமை வாங்கின ரீல்ல பக்கவாட்டுல ஓட்டை போட்டதுக்குக் காரணம், எடை குறையறதோட, ஈரமான பட்டு நரம்பு காத்து பட்டுக் காயணும்கிறது. இப்ப நரம்பு பிளாஸ்டிக். ஓட்டை இப்ப முக்கால்வாசி அழகுக்குத்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி ரீலோட பாதத்தைக் கழியில வச்சுப் பாருங்க. பழைய மூங்கில் கழிகள் பலதுல திருகு கிடையாது, ரெண்டு உலோக வளையம்தான் பாதத்தைப் பிடிக்கும். புது ரீல் பாதம் தடிமனா இருந்தா வளையம் ஏறாது. பாதத்தை அரம் போட்டுத் தேய்க்கலாம். வளையத்தைத் தட்டி விரிச்சா தாத்தா கழி போச்சு.

"அப்போ கொடுவா மாட்டினா என்ன செய்வே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. முகத்துவாரத்துல நல்ல கொடுவா இழுத்தா கடகட ரீல் தாங்காது, நல்ல பிரேக் வேணும். அதுக்கு மூங்கிலை எடுத்துட்டுப் போகாதீங்க. உப்பு புகாத ரீலும் கார்பன் கழியும் எடுத்துட்டுப் போங்க. மூங்கிலுக்கும் பழைய ரீலுக்கும் உப்புத்தண்ணி ஆகாது. பித்தளை பச்சை பூக்கும், அலுமினியம் பொரிஞ்சு போகும். தெரியாம நனைஞ்சா அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவுங்க. ஈரக் கழியை உறையில போட்டு மூடாதீங்க. உழவுமாட்டை ரேக்ளாவுல பூட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆத்திரமும் எனக்கு உண்டு. வெளிநாட்டு ரீலோட பேர், ஊர், மாடல் எல்லாம் ஒப்பிக்கிறவங்களுக்குக் கையில இருக்கிற மூங்கில் எங்கே விளைஞ்சதுன்னு தெரியல. இந்தக் கழிகளை முழு மூங்கில்ல செய்யறதில்ல. தோலோட ஆறு பட்டையா முக்கோணமாச் சீவி, ஒட்டி, அறுகோணமா ஆக்கறாங்க. மூங்கிலோட பலம் வெளித்தோலை ஒட்டின நார்லதான். பந்தல் போடறவங்களுக்கும் கூடை முடையறவங்களுக்கும் இது புதுசில்ல. இருபதாம் நூற்றாண்டுல இதுக்குப் பேர் போனது சீனாவோட குவாங்டாங் பக்கத்து டோன்கின் மூங்கில். அதுக்கு முன்னாடி, பத்தொன்பதாம் நூற்றாண்டுல அமெரிக்காக்காரங்க கழி சீவினது இந்தியாவுல இருந்து கப்பல்ல போன மூங்கில்ல. கல்கத்தா கேன்னு அதுக்குப் பேர். அது நம்ம கல்மூங்கில். போலீஸ் லத்திக்குப் போறது, நம்ம மலைக்காடுகள்ல நிக்கிறது. அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. ரீல் பிராண்டைத்தான் கேக்கறாங்க.

கடைசியா, தம்பி கிட்ட அன்னைக்கு வாய் வரைக்கும் வந்து நான் முழுங்கின விஷயம். எந்த நரம்புங்கிறதைக் கழி முடிவு பண்ணுது. எந்தக் கழிங்கிறதைத் தண்ணியும் அதுல இருக்கிற மீனும் முடிவு பண்ணுது. இது எல்லாத்துக்கும் பிறகுதான் ரீல். அப்போ முதல் கேள்வி தண்ணியைப் பத்தித்தானே இருக்கணும்? சாயங்காலம் அவரைக் கொசஸ்தலை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். காலை வச்சார், முழங்கால் வரைக்கும் இறங்கிச்சு. சேறு இல்ல, சாம்பல். அனல்மின் நிலையத்துல நிலக்கரி எரிச்ச சாம்பல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்தப்போ, பக்கிங்காம் கால்வாயில இருந்து முகத்துவாரம் வரைக்கும் படகும் வலையும் கறுத்துப் போச்சு. அன்னைக்கு ஆத்துல போட்டு எடுத்த என் நரம்பை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சும் கறுப்பு போகல. அந்த நரம்பை இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கேன்.

கரையில மடவைக்கு உக்காந்திருந்த பெரியவர் தம்பியோட ரீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா வெலபா?" சொன்னோம். கொஞ்ச நேரம் பேசல. "நல்லாத்தான் கீது. மீனு எங்கபா கீது?"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல, தம்பிகிட்டயும் இல்ல. ஆனா இந்தக் கேள்வி பெரியவரோடது மட்டும் இல்ல. நீங்க ரீல் ஆர்டர் போடற போன் சார்ஜ் ஏற்றது எந்தக் கரண்டுல? அதோட சாம்பல்லதான் தம்பி கால் புதைஞ்சுது. ரீல் வாங்காதீங்கன்னு நான் சொல்லல. மணல் பையை வச்சு எடை பார்த்து, பழைய கடகட ரீல் ஒண்ணை நிதானமாத் தேடி வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி எண்ணூர்ல இறங்குங்க. கழியை வீட்லயே வச்சுட்டு வாங்க. நான் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். செருப்பைக் கழட்டிட்டு ஒரு தடவை இறங்கிப் பார்த்துட்டு, அப்புறம் ரீலைப் பத்திக் கேளுங்க.