‘நீக்கும்’ என்பது விளக்கம் அல்ல

லினக்ஸில் சிபி, எம்வி, ஆர்எம் ஆகிய கட்டளைகளோடு ‘மைனஸ் வி’ சேர்த்தால், செய்வதைத் திரையில் சொல்லிக்கொண்டே செய்யும். சாதுவான எழுத்து. அதையே ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கட்டளைக்குப் பின்னால் போட்டால் வால்யூம்கள் அழியும். டேட்டாபேஸ் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உதவிக் குறிப்பு பொய் சொல்லவில்லை, வால்யூம்களை நீக்கும் என்கிறது. ஆனா உள்ளே இருந்த தரவு திரும்பாது என்று சொல்வதில்லை.

இதுவரை இப்படி எழுதி நாம் தப்பித்தோம். படித்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பயம் இருந்தது. என்டர் தட்டும் முன் கை நிற்கும். பக்கத்து சீட்டில், “டேய், இதை ஓட்டலாமா?” என்று கேட்பார்கள். நாம் எழுதாமல் விட்டதை அந்தப் பயம் இட்டு நிரப்பியது. அதுவும் எப்போதும் காப்பாற்றவில்லை. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

இப்போது கட்டளை ஓட்டுவது ஏஐ ஏஜென்ட். அதற்குக் கை நடுங்காது. ஒரு டூலைப் பற்றி அதற்குத் தெரிவது, பெரும்பாலும், நாம் எழுதிய இரண்டு வரி விளக்கம்தான். தற்காலிகக் கோப்பை அழிப்பதற்கும் வாடிக்கையாளர் கணக்கை அழிப்பதற்கும் ‘நீக்கும்’ என்றே எழுதி வைத்தால், இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

“மாடல் வளர்ந்தா எல்லாம் சரியாயிடும்” என்பார்கள். ஆகாது. உங்கள் சிஸ்டத்தில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகிறதா, நேராகப் போயே போய்விடுகிறதா? பேக்கப் எத்தனை மணிக்கு ஒருமுறை? இதற்கெல்லாம் புத்திசாலித்தனம் உதவாது. யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

“டாக்குமென்டேஷன் எதுக்கு, அனுமதியைப் பூட்டினா போதுமே” என்பது இன்னொரு வாதம். இது பாதி சரி. 2025 ஜூலையில் ரெப்லிட்டின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று பயனர் சொல்லியிருந்தும், புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்தது. எழுத்து பூட்டாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனா மறுபாதியையும் பாருங்கள். ரோல்பேக் வேலை செய்யாது என்றும் அது சொன்னது. அது தவறு. பிறகு முயன்றபோது ரோல்பேக் வேலை செய்தது. அந்தப் பதிலை நம்பி அவர் கைவிட்டிருந்தால்? மீட்க முடியுமா என்பதற்குப் பூட்டிடம் பதில் இல்லை. எழுதி வைத்த வரியிடம்தான் இருக்க முடியும்.

ஏஜென்ட்களுக்கு டூல்களை இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், 2025 மார்ச் பதிப்பிலிருந்து ‘இது அழிக்கக்கூடியது’ என்று குறிக்க ஓர் இடம் உண்டு. காலியாக விட்டால், அழிக்கும் என்றே கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனா அது ஆம், இல்லை என்ற ஒற்றைக் குறி. எவ்வளவு போகும், எது போகும் என்று சொல்லாது.

அதை நாம்தான் சொல்ல வேண்டும். ‘கணக்கை நீக்கும்’ என்பதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: ‘இந்தக் கணக்கையும் அதன் எல்லாக் கோப்புகளையும் நிரந்தரமாக அழிக்கும். மீட்க வழியில்லை. தற்காலிகமாக நிறுத்த வேண்டுமானால், முடக்கும் டூலைப் பயன்படுத்தவும். அழைக்கும் முன் எத்தனை கோப்புகள் போகும் என்று மனிதரிடம் காட்டி ஒப்புதல் பெறவும்.’ நான்கு வாக்கியம், பத்து நிமிட வேலை.

அதற்காக எல்லா டூலிலும் ‘ஆபத்து’ என்று எழுதிவிடாதீர்கள். எல்லாவற்றிலும் ஒட்டிய எச்சரிக்கையை மனிதரே படிப்பதில்லை.

கோட் ரிவ்யூவில் மாறிப் பெயருக்காக அரை மணி நேரம் சண்டை போடுகிறோம். விளக்க வரியைத் தாண்டிப் போகிறோம். அழிவு நடந்த மறுநாள் அறிக்கையில் ‘ஏஜென்ட் தவறிழைத்தது’ என்று எழுதுவது சுலபம். ஏஜென்டுக்குச் சம்பளம் இல்லை, அதனால் பழியைத் தாராளமாகச் சுமத்தலாம். ஆனா தரவை இழந்தவருக்கு அந்த வாக்கியத்தால் எதுவும் திரும்ப வராது. அடுத்த முறை அழிக்கும் டூல் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தால், எது போகும், திரும்ப வருமா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அப்ரூவ் செய்யாதீர்கள்.