இன்னும் ஒரு சுற்று!

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெல்ஜியம் போனால், ஏறக்குறைய தினமும் எங்காவது ஓர் ஊரில் சைக்ளோ கிராஸ் பந்தயம் நடக்கும். சேறு, மணல், புல்மேடு என எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்ட வேண்டும். டயரின் அகலமோ 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சைக்கிள் நகர மறுத்தால், தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்!

அமெரிக்காவிலிருந்தெல்லாம் அமெச்சூர் வீரர்கள் இங்கே வருகிறார்கள். குளிரையும் சேற்றையும்விட அவர்களை மிரட்டுவது 80 சதவிகித விதி. முன்னணி வீரர் முதல் சுற்றை 7 நிமிடங்களில் முடித்தால், அதில் 80 சதவிகிதம், அதாவது 5 நிமிடம் 36 விநாடி பின்தங்கியதுமே வெளியேற்றிவிடுவார்கள். ஒரு மணி நேரப் போட்டி, பலருக்குப் பாதியிலேயே முடிந்துவிடும்.

இதற்காகவா கைக்காசு போட்டு விமானம் ஏறுகிறார்கள்?

கால்பந்தில் ஓர் அமெச்சூர், மெஸ்ஸியோடு போட்டியில் மோத முடியுமா? இங்கே முடியும். உரிமமும் தகுதியும் இருந்தால், பலமுறை உலக சாம்பியனான மாத்யூ வான் டெர் போல் கிளம்பும் அதே பந்தயத்தில், சில வரிசைகள் தள்ளி நின்று நீங்களும் கிளம்பலாம்.

ஜெயிப்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. நேற்று நான்காவது சுற்றில் வெளியேறியவர், இன்று ஐந்தாவது சுற்றைத் தொட்டால் போதும். அன்றைக்கு அதுதான் அவருக்குப் பதக்கம்.