இடிக்கப்பட்ட கோபுரத்தின் பெயர்

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் நம்மில் பெரும்பாலோருக்குப் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே அறிமுகமாயிற்று. காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மனுக்குப் புகலிடம் தந்த இடம் அது. விகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரலாறு மூன்றே வரிகளில் முடிந்துவிடும். ஸ்ரீவிஜய மன்னன் கட்டினான். இராஜராஜன் நிலம் அளித்தான். 1867இல் பாதிரிமார்கள் இடித்தார்கள். முதல் இரண்டுக்கும் செப்பேட்டுச் சான்று உண்டு. மூன்றாவதில்தான் எனக்கு ஐயம். இடிக்கப்பட்டது சூடாமணி விகாரம்தானா?

செப்பேடு சொல்வது தெளிவானது. ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் எழுப்பிய விகாரத்துக்கு, இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம். பின்னாளில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் இவை லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றன. 1025இல் இராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய பிறகும் விகாரத்தின் நிலம் பறிபோகவில்லை. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்குகளை உறுதிசெய்து மீண்டும் ஒரு செப்பேடு வெளியிட்டான்.

இடிக்கப்பட்ட கட்டடத்தை 1846இல் நேரில் கண்டவர் சர் வால்டர் எலியட். அவருடைய குறிப்பு 1878இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் வெளிவந்தது. நான்கு பக்கங்களும் மூன்று நிலைகளும் கொண்ட, சற்றுச் சிதைந்த கோபுரம். சுண்ணச் சாந்து இல்லாமல் செங்கற்களை நெருக்கி அடுக்கிக் கட்டியது. நிலைகளுக்கிடையே கொடுங்கைகள், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயிலோ சாளரமோ போன்ற திறப்பு. கரையை நோக்கி வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் சீனக் கோயில் என்றும் சமணக் கோயில் என்றும் மாற்றி மாற்றி அழைத்தார்கள்.

'சீன' என்ற அடைமொழி வெறும் வாய்ப்பேச்சன்று. பதினான்காம் நூற்றாண்டில் பயணக் குறிப்பு எழுதிய சீனரான வாங் தாயுவான், சமவெளியில் நின்ற உயரமான செங்கற் கோபுரம் ஒன்றைச் சொல்கிறார். அதன்மேல் இருந்த சீன எழுத்துகள், அது 1267ஆம் ஆண்டுக்குரிய எட்டாம் மாதத்தில் கட்டி முடிக்கப்பட்டதாகக் கூறின என்கிறார். அந்தச் சமவெளி நாகப்பட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியானால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது ஸ்ரீவிஜயனின் விகாரமாக இல்லாமல், அதற்கு இரண்டரை நூற்றாண்டு பிற்பட்ட சீன வணிகர்களின் கோபுரமாகவே இருக்கக்கூடும்.

இருக்கக்கூடும் என்பதற்கு மேல் சொல்ல இயலாது. நமக்கு நேர்ந்த உண்மையான இழப்பு அதுவே. சேசு சபையார் கோபுரத்தை அகற்ற அனுமதி கேட்டார்கள். 1867 ஆகஸ்டில் சென்னை அரசு இசைந்தது. செங்கல்லின் அளவு, அடித்தளத்தின் அமைப்பு, ஒருவேளை எஞ்சியிருந்திருக்கக்கூடிய எழுத்து என விடை தரக்கூடிய எல்லாமே அன்று கலைந்தன. அதன் பிறகு, சான்று இருந்த இடத்தில் ஒரு பெயரை வைத்து நிறைவடைந்துவிட்டோம். இராஜராஜனின் சமயப் பொறைக்கு மேற்கோளாகச் 'சூடாமணி விகாரம்' நமக்கு வேண்டியிருக்கிறது. சீனர் கட்டிய கோபுரம் யாருடைய பெருமிதத்துக்கும் உதவாது. ஆகவே அதை நினைப்பவர் இல்லை.

பாதிரிமார்களைக் குறைசொல்வது எளிது. ஆனால் வழிபடுவோர் இல்லாமற்போன கட்டடத்துக்கு வாரிசும் இல்லை. நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 1856 முதல் 1930கள் வரை கிடைத்த பௌத்தப் படிமங்கள் 350க்கும் மேல். பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிப் பதினாறாம் நூற்றாண்டு வரை வார்க்கப்பட்டவை அவற்றுள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளவற்றைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது. ஐந்து நூற்றாண்டுகள் இங்கே புத்தரை வணங்கியோர் இருந்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி. அவர்கள் தமிழரா, கடாரத்தாரா, சீனரா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இருக்க வேண்டியதில்லை. துறைமுக நகரங்கள் ஒருவருக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை.

இனி எழுதும்போது 'சூடாமணி விகாரம் இடிக்கப்பட்டது' என்பதற்குப் பதில், 'நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தக் கோபுரம் இடிக்கப்பட்டது' என்று எழுதலாம். கேட்க அத்தனை கம்பீரமாக இராது. ஆனால் எதை இழந்தோம் என்பதைக்கூட அறியாதபடி இழந்திருக்கிறோம் என்ற உண்மை அதில் இருக்கும்.